மலைமேல் ஒரு கோட்டையும் மங்கம்மாவின் மாடுகளும்

தொல்பொருள் இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எப்படி அளப்பது, எப்படித் தோண்டுவது, பானை ஓடுகளை எப்படிக் கழுவுவது என்பதையெல்லாம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அதில் நான் தலையிடப் போவதில்லை. நான் எழுதப்போவது ஒரு கோட்டையைப் பற்றி. ஆம்பூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலையில் நாங்கள் கண்டுபிடித்த கோட்டை. எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் அதைத் தேடாதீர்கள், இருக்காது. ஒரே பிற்பகலில் அது கைமாறிப் போய்விட்டது.

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்துகொண்டிருந்த முப்பதுகள். எனக்குச் சொந்த ஊர் ஆம்பூர். அப்பா ஒரு தோல் மண்டியில் தோலை ரகம் பிரிக்கிறவர். எங்கள் தெருவில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தோல் வாசனைதான். அதிலிருந்து தப்பிக்கப் படம் வரையக் கற்றுக்கொண்டு, இந்த இலாகாவில் வரைபடம் போடுகிறவனாகச் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்றால் தற்காலிகமாக. குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பம் ஒன்றில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணுக்குச் சம்மதம். எனக்கு ரொம்பச் சம்மதம். பெண்ணின் அப்பா மட்டும், "டெம்பரவரி மாப்பிள்ளைக்குப் பெர்மனன்டா பொண்ணு குடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதரை நான் பல வருஷம் மாமா என்று கூப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் அந்த வார்த்தை இன்னும் என் காதில்தான் இருக்கிறது.

எங்கள் மேலதிகாரி வேலூர்க்காரர். பெயர் வேண்டாம்; அவருக்கு அது பிடிக்காது. கோட்டை அகழியில் கல் விட்டெறிந்து வளர்ந்தவர். கோபம் சட்டென்று வரும், சிரிப்பு அதைவிடச் சீக்கிரம் வரும், கையில் எப்போதும் குடை இருக்கும். வேலூரில் பிறந்தவர்களிடம் ஒரு சங்கடம் உண்டு. நாலு கல் வரிசையாகக் கிடந்தால் அவர்களுக்கு அது கோட்டை. எங்கள் காதர் மேஸ்திரியும் வேலூர்தான். ஆகவே முகாமில் கோட்டைக் கட்சிக்குப் பலம் ஜாஸ்தி.

மலைமேல் நாங்கள் பார்த்தது இதுதான். மரம் குறைந்த ஒரு சமதளம். அதைச் சுற்றிப் பெரிய வட்டமாக ஒரு கல் சுவர், மார்பு உயரம். அந்த வட்டத்துக்குள் ஓர் ஓரத்தில் சின்ன வட்டமாக இன்னொரு சுவர். அதற்கு ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடிகிற ஒரு சந்து வாசல். வெளியே ஒரு தட்டைப் பாறை, அதன்மேல் ஏறினால் பாலாறு வரை தெரியும். அவ்வளவுதான் சொத்து. முதல் நாள் சாயங்காலத்துக்குள் மேஸ்திரி எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டார். பாறை, காவல் கோபுரம். பெரிய வட்டம், கோட்டை மதில். சின்ன வட்டம், கஜானா. "வாசல் இவ்ளோ குறுக்கலா வெச்சிருக்கான்னா உள்ள இன்னா வெச்சிருப்பான்? யோசிங்க சார்" என்றார் காதர் மேஸ்திரி. மேலதிகாரி யோசித்தார். யோசித்தபோது அவர் கண் பளபளத்தது.

தரையெல்லாம் காய்ந்த மாட்டுச் சாணி பரந்து கிடந்தது. யாரோ வழிதவறி மேய விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தோம். ஆட்களைவிட்டுத் துடைப்பத்தால் கூட்டி ஓரமாகக் குவித்துவிட்டு, சுத்தமான தரையில் பள்ளம் வெட்ட ஆரம்பித்தோம். இந்தத் துடைப்பத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மறுபடி வருகிறேன்.

பள்ளம் இறங்க இறங்க எங்களுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. வெள்ளைச் சாம்பல் ஒரு படலம், அதன் கீழே செம்மண், மறுபடி சாம்பல், மறுபடி செம்மண் என்று கீழே போய்க்கொண்டே இருந்தது. மேலதிகாரி பள்ளத்தின் ஓரத்தில் குடையை ஊன்றிக்கொண்டு ஒரு யுத்தத்தையே நடத்தினார். எதிரி வந்து கோட்டையைக் கொளுத்தினான். இவர்கள் திரும்பக் கட்டினார்கள். அவன் திரும்ப வந்தான். திரும்பக் கொளுத்தினான். விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக எத்தனையோ தலைமுறை.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "சார், ஒரு அம்பு முனைகூடக் கிடைக்கலயே" என்றேன்.

"பொறுக்கிட்டுப் போயிருப்பாம்ப்பா."

"மதிலும் மார்பளவுதான் சார். இதத் தாண்டறதுக்கு ஏணி வேணாம், வேட்டிய மடிச்சிக் கட்டனாப் போதும்."

"அந்தக் காலத்துல எதிரிங்கல்லாம் குட்டை" என்றார் கூசாமல். பிறகு அவரே சிரித்துவிட்டார். ஆனால் கோட்டையை விடவில்லை.

அந்தச் சிரிப்பின் பலத்தில்தான் நானும் கோட்டையை வரைந்தேன். அழகாகவே வரைந்தேன். சென்னையிலிருந்து எங்கள் இலாகாவின் பெரிய துரை நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவருக்குப் பள்ளத்தோட சுவருதான் முக்கியம். அந்தப் படலமெல்லாம் கத்தியால வெட்டன மாதிரி தெரியணும். தெரிஞ்சா அடுத்த வருஷமும் இங்க வேலை, உனக்கும் நிரந்தரம். நானே எழுதறேன். சரிஞ்சி போச்சுன்னா ரெண்டு பேரும் வேலூருக்கு நடந்தே போவலாம்." துரையை அழைத்துவர அவர் ஆம்பூர் ஸ்டேஷனுக்கு இறங்கினார். பாதி வழியிலிருந்து திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "ஓரத்துல ஒரு காக்காகூட உக்காரக் கூடாது!"

மறுநாள் மதியம் வரை ஒரு காக்காயையும் நான் உட்கார விடவில்லை. கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். குடியாத்தத்துப் பெண்ணை ஒரு பள்ளத்துக்குள் வைத்துக் காவல் காப்பது போலத்தான் இருந்தது.

பிற்பகலில் மணிச் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு பல. கீழே மரங்களுக்கிடையில் கொம்புகள் தெரிந்தன. ஒரு பெரிய மந்தை வளைந்து வளைந்து ஏறி வந்தது. பசு, காளை, கன்று எல்லாம் கலந்து. ஒன்றுகூடத் தயங்கவில்லை, சொந்த வீட்டுக்கு வருகிற நடை. முன்னால் ஒரு பெண், தலையில் மூட்டை, கையில் நீளக் கம்பு. நாற்பது வயதிருக்கும். பின்னால் அவள் கொழுந்தனும் இன்னும் சில ஆட்களும். அவள் பெயர் மங்கம்மா என்பது பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் அவள் குரல்தான்.

"யாருய்யா அது, எங்க மாட்டுப் பட்டில பள்ளம் தோண்டி வெச்சது?"

காதர் மேஸ்திரி முன்னால் போய் நின்றார். "இது பட்டி இல்லம்மா. கோட்டை. சர்க்கார் கண்டுபுடிச்சிருக்குது."

"கோட்டையா?" மங்கம்மா சுற்றிப் பார்த்தாள். "யாரோடது?"

"அதான் தேடிக்கினு கீறோம்."

"நல்லாத் தேடுங்க. அதுவரிக்கும் மாடு உள்ள இருக்கட்டும்."

பாலாற்றங்கரையில் இருக்கும் ஊர்க்காரர்கள் அவர்கள். ஆடி விதைப்புக்கு முன்னால் ஊர் மாடுகளை மலைக்கு ஓட்டிவந்துவிடுவார்கள். கீழே பயிர் பிழைக்க வேண்டும், மேலே புல் இருக்கும். அறுவடை முடிந்து தையில் இறங்குவார்கள். காட்டிலாகா கொடுத்த மேய்ச்சல் சீட்டு அவள் இடுப்பில் இருந்தது. சுவரைக் கட்டியது யார் என்று கேட்டேன். அங்கேயே அவர்களுக்குள் சண்டை வந்துவிட்டது. பாண்டவர்கள் என்றாள் மங்கம்மா. அரக்கன் ஒருத்தன், ஒரே ராத்திரியில் என்றான் கொழுந்தன். எங்கள் மேலதிகாரியும் அங்கே இருந்திருந்தால் மூன்று கட்சி ஆகியிருக்கும்.

மேஸ்திரி என் காதில், "பேஜார் சார். காட்டிலாகா கார்டு கீழதான் இருக்கான். சர்க்கார் வேலைன்னு ஆளனுப்பிச் சொன்னா, சீட்டு இருந்தாலும் அத்தினியும் ஓட்டி வுட்டுடுவான்" என்றார். சொன்னது உண்மை. ஒரு ஆளை அனுப்பினால் போதும். என் பள்ளம் பிழைக்கும், வேலை பிழைக்கும், கல்யாணமும் நடக்கும்.

நான் மந்தையைப் பார்த்தேன். முன்வரிசையிலேயே ஒரு வெள்ளைப் பசு, நிறைசினை. மலையேறிய களைப்பில் கால் நடுங்கிக்கொண்டு நின்றது. வானம் மேற்கில் கறுத்துக்கொண்டு வந்தது. அந்தக் காட்டில் சிறுத்தை இருப்பது எங்களுக்கும் தெரியும். எங்கள் சமையல்காரரின் ஆடு அதன் வயிற்றுக்குள்தான் போயிருந்தது. சுவர் உள்ள இடம் சுற்று வட்டாரத்தில் இது ஒன்றுதான். விரட்டிவிட்டால், துரை வந்து பார்க்கும்போது பள்ளம் நன்றாக இருக்கும், இந்தப் பசு இருக்காது. இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்த பிறகு ஆளனுப்ப மனசு வரவில்லை. பயமாக இருந்தது, ஒளிப்பானேன்.

"உள்ள வரட்டும்" என்றேன். "ஆனா இந்தப் பள்ளத்துக்கிட்ட ஒரு குளம்புகூடப் படக் கூடாது. சுத்தியும் கல்லு அடுக்கணும். ஒத்துக்கிறீங்களா?"

"அடுக்கிட்டாப் போச்சு" என்றாள் மங்கம்மா. "ஆனா மொதல்ல பட்டியக் கொளுத்தணும்."

நான் பள்ளத்துக்கு முன்னால் போய் நின்றேன். "எதைக் கொளுத்தணும்?"

"பட்டியத்தான். வருஷா வருஷம் கொளுத்திட்டுத்தான் மாட்ட உள்ள வுடுவோம். போன வருஷத்துச் சாணில உண்ணி கெடக்கும். மழ வந்துச்சுன்னா நனைஞ்சிரும், எரியாது. சீக்கிரம் சொல்லு, தம்பி."

உண்ணி. அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் மலையில் இல்லை, ஆம்பூர் மண்டியில் இருந்தேன். அப்பா பதனிட்ட தோலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பார். ஊசியால் குத்தினாற்போல் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும். "உண்ணி கடிச்சது, தள்ளு" என்று மட்டமான குவியலில் எறிவார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் உண்ணியைத்தான் திட்டுவார். தோலைப் பாழாக்குகிறவன், மாட்டைச் சாகடிக்கிறவன், வருஷா வருஷம் வந்து தொலைக்கிறவன். எங்கள் வீட்டில் எதிரி என்று ஒருவன் உண்டென்றால் அது அவன்தான்.

நான் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். சாம்பல், மண். சாம்பல், மண். ஓரத்தில், நாங்கள் துடைப்பத்தால் கூட்டி ஒதுக்கிய சாணிக் குவியல்.

"கொளுத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே விசித்திரமாக இருந்தது. மேஸ்திரி என்னைக் காய்ச்சல்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

முதலில் கல். எங்கள் கூலி ஆட்களும் மந்தைக்காரர்களும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் பள்ளத்தைச் சுற்றி ஒரு வளையம் அடுக்கினோம். நடுவில் யாரோ பாட்டு ஆரம்பித்தார்கள். மேஸ்திரிகூடக் கடைசியில் கோட்டையை மறந்துவிட்டு, "அந்தப் பக்கம் கம்மியா கீது, இன்னும் ரெண்டு போடு" என்று விரட்டினார். பிறகு கொழுந்தன் நெருப்பு வைத்தான். தரையில் ஒட்டியிருந்த சாணி சுருசுருவென்று பரவி எரிந்தது. எரிந்து தணிந்த இடத்தில் வெள்ளையாக ஒரு படலம். நான் பள்ளத்தின் ஓரம் குந்தி, மேலே கிடந்த புதுச் சாம்பலில் ஒரு சிட்டிகை, கீழே சுவரிலிருந்து பழைய சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துப் பார்த்தேன். எந்தக் கை எது என்று சொல்ல முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு.

தரை சூடு தணிந்ததும் தழையைப் பரப்பி மாடுகளை உள்ளே விட்டார்கள். கன்றுகளை யாரும் ஓட்டவில்லை. அவையாகவே முண்டியடித்துக்கொண்டு சந்து வாசல் வழியாகக் கஜானாவுக்குள் போய்விட்டன. தாய்ப்பசுக்கள் வாசலில் நின்று கத்தின. பெரிய மாடு நுழைய முடியாத வாசல். கன்று பாலைக் குடித்துத் தீர்த்துவிடாமல் இருக்க அது போதும். காதர் மேஸ்திரி அந்த வாசலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், கஜானா ரொம்பிப் போச்சு" என்றார் கடைசியில்.

மழை எங்களை மிரட்டிவிட்டு ஆலங்காயம் பக்கம் போய்விட்டது. ஓரத்துச் சாணிக் குவியல் மட்டும் விடிந்த பிறகும் புகைந்துகொண்டே இருந்தது. அதனால்தான் விபரீதம். மலையேறி வந்துகொண்டிருந்த மேலதிகாரி கீழிருந்தே புகையைப் பார்த்துவிட்டார். "அய்யய்யோ, கோட்டை எரியுதுய்யா!" என்று கத்திக்கொண்டு, பெரிய துரையைப் பாதியில் விட்டுவிட்டு, குடையை ஈட்டிபோல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். வாசலில் வந்து நின்றவரை ஒரு காளை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அசைபோட்டது.

"ஏம்ப்பா! உன்ன நம்பி வுட்டுட்டுப் போனா கோட்டைய மாட்டுக் கொட்டாயா ஆக்கி வெச்சிருக்கியே!"

"நான் ஆக்கல சார்" என்றேன். "அது மொதல்லருந்தே அதான்."

அவர் முகம் சிவந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்துக் கல் வளையத்துக்குள் இறக்கினேன். பள்ளத்தின் சுவர் ஒரு துளி சரியாமல் அப்படியே இருந்தது. ஓரத்தில் நேற்றைய சாம்பலும் இருந்தது. இரண்டையும் காட்டினேன். வருஷா வருஷம் உண்ணிக்காகக் கொளுத்துவதையும், அதன்மேல் மழை மண்ணைக் கொண்டுவந்து மூடுவதையும் சொன்னேன். அவர் குந்தினார். குடையைக் கீழே வைத்தார். அதை அவர் கீழே வைத்து நான் பார்த்தது அன்றுதான். கீழே ஒரு சிட்டிகை, மேலே ஒரு சிட்டிகை, இரண்டு கையிலும் தேய்த்தார், நான் செய்ததுபோலவே. துரையின் பூட்ஸ் சத்தம் பாதையில் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் பெட்டியில் கோட்டையைப் பற்றிய அறிக்கை தயாராக இருந்தது, என் படங்களோடு. அவர் நினைத்திருந்தால் மாடுகளை விரட்டிவிட்டு அதையே நீட்டியிருக்கலாம். அந்தச் சாம்பலின் கணக்கு எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"உண்ணியா?" என்றார் மெல்ல. "என் கோட்டையக் கொளுத்துனது உண்ணியா?"

"ஆமா சார். எதிரி குட்டைதான். நீங்க சொன்னது சரி."

ஒரு கணம் என்னை முறைத்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. துரை மேலே வந்து எட்டிப் பார்த்தபோது இருவரும் சாம்பலும் சிரிப்புமாகக் கிடந்தோம். மேலதிகாரி எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, தமது அருமையான ஆங்கிலத்தில் சொன்னார்: "மன்னிக்க வேண்டும். நான் உங்களுக்கு ஒரு கோட்டையைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அதன் படை வேறு ஊரில் இருந்ததால் தவறாகப் புரிந்துகொண்டேன். நேற்றுத்தான் திரும்பி வந்தார்கள்." மாடுகளை நோக்கிக் கையைக் காட்டினார்.

துரை திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கிவிட்டார். சாயங்காலம் வரை ஏறவில்லை. கோட்டைகள் எங்கும் இருக்கின்றன, இத்தனை காலமாக வருஷந்தவறாமல் ஆள் வந்து போகிற பட்டியைத் தாம் பார்த்ததில்லை என்றார். நடுவில் மங்கம்மா ஒரு சொம்பு நிறையப் பால் கறந்து கொடுத்தாள். மீசையில் நுரையோடு நின்ற அவரைக் காட்டி என்னிடம், "இவருக்கும் கோட்ட வேணுமாமா?" என்று கேட்டாள். அந்த வெள்ளைப் பசு அன்று மதியம் ஒரு கிடாரிக் கன்று போட்டது. மேலதிகாரி அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தம் கையாலேயே கஜானாவில் விட்டார்.

எனக்கு வேலை நிரந்தரமானது. குடியாத்தத்திலிருந்து மாப்பிள்ளைக்கு ஒரு லுங்கி வந்தது, பிறகு பெண்ணும் வந்தாள். கோபம் வந்தால் இன்றும் என்னை டெம்பரவரி என்றுதான் கூப்பிடுகிறாள்.

தம்பிகளே, தங்கைகளே, ஆள் இல்லாத ஒரு இடத்தைப் பார்த்தால் உடனே அழிந்துபோன இடம் என்று எழுதிவிடாதீர்கள். எப்போது திரும்பி வருவார்கள் என்று முதலில் விசாரியுங்கள். துடைப்பத்தை எடுக்குமுன் எதைக் கூட்டுகிறோம் என்று பாருங்கள். கோட்டை உங்களுக்குப் பிடித்ததாக இருந்தால், அதை விடுகிற நேரம் வரும்போது எங்கள் மேலதிகாரி போலச் சிரித்துக்கொண்டே விடுங்கள். அதைவிடப் பெரிய திறமையை நான் இந்த இலாகாவில் பார்த்ததில்லை.

அந்த முறை இறங்கும்போது பள்ளத்தை மூடிவிட ஆட்களை அழைத்தேன். மங்கம்மா தடுத்துவிட்டாள். "இருக்கட்டும் தம்பி, காத்து படாத எடம்" என்றாள். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தபோது நாங்கள் அடுக்கிய கல் வளையத்தை அவர்கள் மார்பு உயரத்துக்கு ஏற்றிக் கட்டி, ஒரு சந்து வாசலும் வைத்திருந்தார்கள். பள்ளம் சரிந்து மெத்தென்று ஆகியிருந்தது. உள்ளே கன்றுகள் படுத்திருந்தன, போன வருஷத்துக் கிடாரியும் அதில் உண்டு. எப்படியோ முண்டி உள்ளே போய்விட்டு, வளர்ந்துவிட்டதால் வெளியே வரத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தது.

உங்களில் யாராவது ஒருநாள் அந்த மலைக்குப் போவீர்கள். பெரிய வட்டத்துக்குள் இரண்டு சின்ன வட்டம் இருக்கும். ஒன்றை யார் கட்டினார்கள் என்பது எனக்குத் தெரியாது. இன்னொன்றைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். அதைக் கஜானா என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.